சேரலாதனுக்கு விட்ட இடம்

பாத்திக்காட்டில் மத்தியானம்தான் நடுச்சாமம். உப்பளத்து வேலைக்குப் போகிற சனம் கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து, தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாகப் பாத்தியில் இறங்கி, வெயில் உப்பின் மேல் விழுந்து கண்ணைக் குத்தத் தொடங்குவதற்குள் வாரிக் குவித்துவிட்டு, பத்து மணிக்கு வீடு திரும்பிக் குளித்துத் தின்று படுத்தால், சாயங்காலம் நாலு மணிவரை ஊரே அசையாது. அந்த நேரத்தில் மீன்காரர் மணி அடிப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டுதான் தெருவைக் கடக்கும். நாய்கள் மூன்று தலைமுறையாக அந்த ஒழுங்குக்குப் பழகியவை.

அப்படித் தூங்குகிற ஊரில் விழித்திருக்கிற ஒரே ஆள் வேதக்கனி. அவளுக்கு வேலை உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடையில். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கில், "முன்னால வாங்க, போதும், நிறுத்துங்க, இறங்கலாம்" என்ற நாலு சொல்லைப் பன்னிரண்டு மணிவரை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அதன் பிறகு மறுநாள்வரை அவளிடம் யாரும் ஒரு சொல் பேசப்போவதில்லை. வயது நாற்பத்தொன்று. அப்பாவும் அம்மாவும் மூப்படைந்து, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, அடுத்தடுத்த வருஷங்களில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் திரும்பக் கேட்கவேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை. அண்ணன் கோயம்புத்தூரில். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான். விட்டுப்போய்விட்டார் என்று நினைத்து அழுவதற்கும் அவளுக்கு ஓர் ஆள் இல்லை. யாராவது வந்திருந்தால்தானே விட்டுப் போக முடியும்?

அவளுக்கு இருந்தது ஒரு பொழுதுபோக்கு. பல வருஷங்களுக்கு முன் டிவியில் 'ஒன்பதாம் கலங்கரை' என்று ஒரு தொடர் வந்தது. ஆளில்லாத தீவில் கலங்கரை விளக்கைக் காக்கிற சேரலாதன், கரையில் வயர்லெஸ் நிலையத்தில் வேலை பார்க்கிற மதுரவாணி, இருவரும் முகம் பார்க்காமலே இருநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பதின்மூன்றாவது பகுதி வரவேண்டிய நாளில் சமையல் நிகழ்ச்சி வந்தது. அவ்வளவுதான், தொடர் நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கதையை அப்படியே விட மனமில்லாத ரசிகர்கள் சிலர், ஆளுக்கொரு ஊரிலிருந்து, தாங்களே அதன் மிச்சத்தை எழுதி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதையில் இருவரும் சந்தித்தார்கள். இன்னொருவர் கதையில் படகு கவிழ்ந்தது. ஒருவர் தீவையே கரைக்கு இழுத்து வந்துவிட்டார். அந்த ரசிகர் கதைகளை வாசித்து, ஒலிப்பதிவு செய்து, திருத்தி, ஒலிப்புத்தகமாகப் போடுவதுதான் வேதக்கனியின் பொழுதுபோக்கு. அறுபது எழுபது பேர் கேட்பார்கள். "நன்றி சகோ" என்று யாராவது எழுதுவார்கள்.

பீரோவின் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, பின்னால் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு அவள் வாசிப்பாள். கதை சொல்கிறவளின் வரிகளையும் மதுரவாணியின் வரிகளையும் முதலில் வாசித்துக்கொண்டே போவாள்; சேரலாதன் பேசும் இடம் வந்தால், அந்த வரியை மனதுக்குள் ஓடவிட்டு, அந்த அளவுக்குச் சும்மா இருப்பாள். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து, தொண்டையைத் தாழ்த்தி, சேரலாதனின் வரிகளை மொத்தமாக வாசித்து, விட்டு வைத்த இடங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்துவாள். ஆணின் குரல் அவளுக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. சளி பிடித்த பெண்ணின் குரலாகத்தான் இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டீ குடித்துவிட்டு வந்து ஹெட்போனை மாட்டியபோது, விட்டு வைத்த இடங்களெல்லாம் நிரம்பியிருந்தன.

ஓர் ஆண் குரல். நடுவயது. எழுதியிருந்த வரிகளை ஒரு சொல் கூடாமல் குறையாமல், ஆனால் வாசிப்பது போல் இல்லாமல், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசுகிற மனிதனைப் போல் பேசியது. வேதக்கனி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியம் என்பது இன்னொருவர் முகத்தைப் பார்த்து ஆளுக்குத் தொற்றுகிற சங்கதி. அந்த அறையில் இன்னொருவர் இல்லை. அவள் கவனித்ததெல்லாம், அந்தக் குரல் தன் குரலைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கிறது என்பதைத்தான். அதைச் சற்றுக் குறைத்து, பின்னணியில் இருந்த இரைச்சலைத் துடைத்து, அன்று மாலையே ஏற்றிவிட்டாள். மறுநாளும் குரல் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. டீக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வரவில்லை என்பதால், டீக்குப் போவதை மட்டும் அவள் ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் தெரிந்தது அமலோற்பவத்தால். பக்கத்து வீட்டுக்காரி. உப்பளத்தில் முப்பது வருஷம். அவள் கணவன் சூசை, காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணியில் பதினோரு வருஷத்துக்கு முன் ஏறிப்போனவன். தோணி போயும் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. ஒருநாள் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க எழுந்த அமலோற்பவம், அவிழ்ந்த கூந்தலோடு வந்து வேதக்கனியின் கதவைத் தட்டினாள்.

"வேதா, உள்ள யாரு?"

"யாரும் இல்லக்கா. ஒலிப்பதிவை ஸ்பீக்கர்ல ஓடவிட்டிருக்கேன்."

"பொய் சொல்லாத. அவுக குரல் கேக்கு."

ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டாள் வேதக்கனி. 'இன்றைக்குக் கடல் அமைதியாக இருக்கிறது மதுரவாணி, விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்' என்று குரல் சொன்னது. அமலோற்பவம் தரையில் உட்கார்ந்து, சூசையேதான், அந்த 'கண்ணாடி'யில் ஒரு இழுப்பு இழுக்காகளே, அது சூசையேதான் என்று சொல்லி, அழாமல், அதே வரியைப் பத்துத் தடவை கேட்டாள்.

பத்து நாளில் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அமலோற்பவத்துக்குச் சூசையாகக் கேட்ட குரல், உப்பைக் குவித்து வைக்கிற தட்டுமேட்டில் மூட்டை தைக்கிற பேச்சிக்கு, கோபித்துக்கொண்டு சவுதிக்குப் போய் எட்டு வருஷமாகப் பேசாத மகனாகக் கேட்டது. தபால்காரருக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்த தம்பியாகக் கேட்டது. பாதிப் பேச்சில் எழுந்துபோனவர் யாரோ, அவரவருக்கு அவர் குரல். நடுத்தெரு சண்முகவடிவும் மேலத்தெரு ராஜகனியும் ஆளுக்கொரு பக்கமாக நின்று கேட்டுவிட்டு, இரண்டு பேருக்கும், லோடு ஏற்றிப்போய்த் திரும்பாத லாரி டிரைவர் பொன்னுதுரையின் குரலாகவே கேட்டது என்று தெரிந்த அன்று, குழாயடியில் குடங்கள் நசுங்கின. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள், பொன்னுதுரை பேச்சை முடிக்கும்போது மூக்கை உறிஞ்சுவான் என்பது ஊரிலேயே தங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்பதை உணர்ந்து, அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து கேட்டார்கள்.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் கொம்பையா இதையெல்லாம் பார்த்துவிட்டு, இது இனி வீட்டு விஷயம் இல்லை என்று முடிவு செய்து, சங்கக் கட்டடத்தின் மேல் ஒலிபெருக்கி கட்டினார். ஊர் விழிக்கிற நாலு மணிக்குப் பதிவு ஒலிக்கும். முகம் கழுவாமல் சனம் வந்து மணலில் உட்காரும். யாருக்கு யார் குரல் கேட்டது என்று அடுத்தவரைக் கேட்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மாதா கோயில் சாமியாரும் அம்மன் கோயில் பூசாரியும் ஆளுக்கொரு நாள் வந்து கேட்டுவிட்டு, ஆட்சேபணை ஒன்றுமில்லை என்று சொல்லி, மறுநாளும் வந்தார்கள்.

பிறகு ஊரே எழுதத் தொடங்கியது. ஒன்பதாம் கலங்கரையை ஒரு பகுதிகூடப் பார்க்காதவர்கள், பிள்ளைகளின் நோட்டைக் கிழித்து, சேரலாதனுக்கு வரிகள் எழுதி வந்தார்கள். சேரலாதன் சொல்கிறான்: 'கருவாட்டுக் குழம்பு நல்லா இருந்துச்சு.' சேரலாதன் சொல்கிறான்: 'அன்னைக்கு நான் கை ஓங்கினது தப்புதான்.' சேரலாதன் சொல்கிறான்: 'போயிட்டு வாரேன்.' தபால்காரர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு சொல், 'அண்ணே.' எழுதியதைக் குரல் சொன்னது. எழுதாததை ஒருநாளும் சொல்லவில்லை.

வேதக்கனியின் வீட்டில் இத்தனை செருப்புகள் அதற்கு முன் கிடந்ததில்லை. முதல் வாரம் அவள் எல்லாருக்கும் காப்பி போட்டாள், கூடத்தில் பாய் விரித்தாள், தன்னிடமிருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள். ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பேச்சி ஒருநாள் ரொம்பவும் தயங்கிச் சொன்னாள்:

"தப்பா நெனைக்காத தாயி. நடுநடுவுல நீ பேசுத பாத்தியா, அதைக் கழிச்சிட்டு அவன் பேசுறதை மட்டும் குடேன். காத்திருக்க முடியல."

"சரி பெரியம்மா."

அது நல்ல யோசனை என்று மற்றவர்களும் சொன்னார்கள். அதன் பிறகு வேதக்கனி ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் வாசித்தாள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தன் குரலை வெட்டி எடுத்தாள். திரையில் அவளுடைய அலைகள் ஒவ்வொன்றாக மறைய, குரலின் அலைகள் மட்டும் நெருங்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊரில் எல்லாருக்கும் யாராகவோ கேட்கிற அந்தக் குரல் அவளுக்கு மட்டும் யாராகவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தீர்மானத்தின்படி யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

தை மாதம் அமலோற்பவத்தின் மகள் பிரின்சிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை திருச்செந்தூர்ப் பக்கம், மின்வாரியத்தில் வேலை. எல்லாம் ஆகிவிட்டது, பத்திரிகை அடிக்கிற இடத்தில் வந்து நின்றது. அச்சகத்துக்காரர் பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "பொண்ணோட அப்பா பேரு, திரு. சூசைன்னு போடவா, காலஞ்சென்ற சூசைன்னு போடவா?" அமலோற்பவம் எழுந்து வந்துவிட்டாள். பதினோரு வருஷமாக அவள் தாலியைக் கழற்றவில்லை, பூ வைத்துக்கொள்ளவும் இல்லை; சூசைக்காக ஒரு நினைவுப் பூசைகூட வைத்ததில்லை.

"வேதா, எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் நீ. அவுககிட்ட கேளு. இருக்கீகளா, இல்லையான்னு கேளு."

"எழுதிக் குடுத்ததைத்தான்க்கா அந்தக் குரல் சொல்லும்."

"எழுதாத. சும்மா எடம் விடு. அவுகளாச் சொல்லட்டும்."

வேதக்கனி இடம் விட்டாள். கேள்வியை வாசித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் சும்மா இருந்து, டீக்குப் போய்த் திரும்பினாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அமலோற்பவம் வந்து பீரோவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழமைக்குள்ள பத்திரிகை போகணும். நீயே எழுதிரு."

"என்னது?"

"இருக்கேன்னு எழுதினாலும் சரி, இல்லன்னு எழுதினாலும் சரி. நீ எழுதினியா, அவுகளாச் சொன்னாகளான்னு எங்கிட்டச் சொல்லாத. அவுக வாயால வந்தாப் போதும், நான் ஏத்துக்கிடுதேன்."

"அக்கா, ஒரு மனுசன் இருக்காரா இல்லையான்னு நான் எப்படிக்கா எழுதுவேன்?"

"நீதானம்மா எல்லாத்தையும் வெட்டி ஒட்டுத."

அவள் போன பிறகு வேதக்கனி ஒரு தாளை எடுத்து, 'இருக்கிறேன்' என்று எழுதினாள். அடித்தாள். 'இல்லை' என்று எழுதினாள். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, ஒரு மனிதனைத் தண்ணீருக்குள் தள்ளுவதுபோல் இருந்தது; அதையும் அடித்தாள். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, மைக்கின் முன் உட்கார்ந்து, எதுவும் எழுதாமல், எதையும் வாசிக்காமல், மதுரவாணியின் குரலில்கூட இல்லாமல், எடைமேடைக் கூண்டில் பேசுகிற தன் சாதாரணக் குரலில், "அமலோற்பவம் அக்கா கேக்காங்க, இருக்கீங்களா?" என்று கேட்டு, இடம் விட்டு, டீக்குப் போனாள்.

திரும்பி வந்து கேட்டபோது, விட்ட இடத்தில் முதலில் ஒரு இருமல் இருந்தது. பிறகு குரல், அத்தனை மாதங்களில் முதல் தடவையாக, யாரும் எழுதிக் கொடுக்காத இரண்டு சொற்களைச் சொன்னது.

"நீங்க யாரு?"

வேதக்கனி ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எடைமேடையில் வருஷத்துக்கு ஆயிரம் லாரி டிரைவர்கள் வருகிறார்கள். அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறான். இந்த வீட்டுக்குப் பாதி ஊர் வந்து காப்பி குடித்திருக்கிறது. அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. இது தனக்கு வந்தது, தன்னை மட்டும் கேட்டது என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டால் என்ன என்றும் தோன்றியது. அமலோற்பவத்திடம், இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவாள். வேதக்கனி எழுந்து முகம் கழுவினாள், தலையை வாரினாள், போனில் அந்தப் பதிவை ஏற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அமலோற்பவம் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டாள்.

"பதிமூணு வருசம் அவுககூட வாழ்ந்தேன் வேதா. என்னைய ஏட்டின்னு கூப்பிடுவாக, அமலின்னு கூப்பிடுவாக. ஒருநாளும் 'நீங்க'ன்னு கூப்பிட்டதில்ல. நான் யாருன்னு அவுகளுக்குத் தெரியல. உசுரோட இருக்கிற மனுசனுக்கு என்னையத் தெரியாமப் போவுமா?"

அப்போதுதான் அழுதாள். பதினோரு வருஷத்து அழுகை. சத்தம் கேட்டு நடுமத்தியானத்தில் தெருவே விழித்துக்கொண்டது. மறுநாள் காலை பாத்திக்குப் போகாமல் அச்சகத்துக்குப் போய், காலஞ்சென்ற என்றே போடச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தக் கேள்வியோடு குரல் நின்றுவிட்டது. வேதக்கனி ஊராருடைய வரிகளுக்கு இடம் விட்டு விட்டுப் பார்த்தாள். இடம் இடமாகவே இருந்தது. கொம்பையா ஒரு வாரம் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். ஆனால் 'நீங்க யாரு' என்று கேட்டுவிட்டதாம் என்ற செய்தி பரவிய பிறகு, சனம் பழையதைக் கேட்க வரவில்லை. தபால்காரர் தம்பியின் சட்டைகளை எடுத்து யாருக்கோ கொடுத்தார். சண்முகவடிவும் ராஜகனியும் சேர்ந்தே போய்ப் பொன்னுதுரைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார்கள். பேச்சி மட்டும் அழாமல், சவுதிக்குப் போன் போட ஒரு ஆளைப் பிடித்து, எட்டு வருஷத்துக்கு அப்புறம் மகனிடம் பேசி, "ஏல, நான் உன் அம்மைலா" என்று கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. சங்கத்து ஒலிபெருக்கியில் இப்போது குடிதண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்கிறார்கள். வேதக்கனி வீட்டு வாசலில் மறுபடியும் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. காரணமில்லாமல் அங்கே வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதில் யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை.

மாசியில் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதக்கனியின் பக்கத்தில் அமலோற்பவம் வந்து, "கால் வலிக்குடி" என்று சொல்லி உட்கார்ந்தாள். மேடையில் பிரின்சி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தீர்மானம் எல்லாம் இப்ப இல்ல. அதனால கேக்கேன்," என்றாள் அமலோற்பவம். "உனக்கு அது யாரு குரலாக் கேட்டுச்சு?"

வேதக்கனி வேறு பக்கம் பார்த்தாள். சொன்னால் பத்திரிகையில் அச்சடித்த 'காலஞ்சென்ற' என்ற அந்த ஒரு சொல் ஆட்டம் கண்டுவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொல்லுட்டி."

"யாராவும் கேக்கலக்கா. எனக்குத் தெரியாத ஒரு ஆளு."

அமலோற்பவம் அதை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டாள். மேடையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"தெரியாத ஆளைத்தான் 'நீங்க யாரு'ன்னு கேப்பாக," என்றாள்.

"அக்கா, நான் வந்து..."

"இரு. எனக்கு வேண்டிய பதில் எனக்குக் கெடைச்சிட்டு, அதை நான் மாத்தமாட்டேன். அழுது முடிச்சிட்டேன், மறுபடி முதல்லருந்து என்னால முடியாது." வேதக்கனியின் கையைப் பிடித்தாள். "ஆனா ஒருத்தரு ஒன்னைய யாருன்னு கேட்டிருக்காரு. ஒன்றரை மாசம் ஆகப்போவுது. நீ பதில் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"என்ன சொல்லதுன்னு தெரியல."

"பேரைச் சொல்லு. மிச்சம் தானா வரும். போ, பாயசம் நான் குடுத்துவிடுதேன்."

உச்சிவெயிலில் அவள் பாத்திகளின் ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தாள். ஊர் கல்யாணத்தில் இருந்தது. தெருவில் தூங்குகிற ஆள்கூட இல்லை. பட்டுச்சேலையை மாற்றாமல், சேலைகளுக்கு நடுவே மைக்கின் முன் உட்கார்ந்து, பதிவை ஓடவிட்டு, தொண்டையைச் செருமினாள்.

"எம்பேரு வேதக்கனி," என்றாள்.

கல்யாண வேன் சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தபோது பேச்சுக் குரல் கேட்டு, பாயசத் தூக்குவாளியோடு இறங்கிய அமலோற்பவம் வேதக்கனியின் வாசல்வரை வந்து, ஜன்னலருகே நின்று, தட்டாமல், தூக்குவாளியை நடையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வேதக்கனி, பத்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் உப்புக்காற்றில் துருப்பிடித்த சைக்கிளைப் பற்றி, அம்மாவுக்குப் பிடிக்காத சித்தியைப் பற்றி, ஒரே ஒரு தடவை எடைமேடையில் லாரியை நிறுத்திவிட்டு, "உங்க குரல் நல்லாருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போன, பேர் தெரியாத ஒரு கிளீனரைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

இருட்டுகிற நேரத்துக்கு நிறுத்தி, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து, ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கேட்டாள். ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அவளுடைய அலைகள்தான். பதில் சொல்வதற்கென்று எங்கேயும், மூச்சு விடுகிற அளவுக்குக்கூட, அவள் யாருக்கும் இடம் விட்டிருக்கவில்லை.

அவள் அதில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.